எந்த வோல்ட், எந்த ஆம்பியர்?

பள்ளி இயற்பியல் பாடத்தில் மின்திறனுக்கு மூன்று சூத்திரங்கள் அடுத்தடுத்து வரும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கலாம்; மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கலாம்; மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கலாம். மூன்றும் ஒரே விடையைத் தரும் என்று ஆசிரியர் சொல்வார், கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கிலும் அப்படியே வரும். ஆனால் எண்களை ஒதுக்கிவிட்டுச் சூத்திரங்களை வாக்கியங்களாகப் படித்துப் பார்க்கும் மாணவருக்கு ஒரு சிக்கல் கண்ணில் படும். இரண்டாவது சூத்திரம், மின்தடை கூடினால் வெப்பம் கூடும் என்கிறது. மூன்றாவதோ, மின்தடை கூடினால் வெப்பம் குறையும் என்கிறது. எது சரி? மிக நல்ல கேள்வி இது. பெரும்பாலும் இதற்குக் கிடைக்கும் பதில், "தொடரிணைப்பில் இதைப் போடு, பக்க இணைப்பில் அதைப் போடு" என்பதுதான். மதிப்பெண்ணுக்கு அது போதும், புரிதலுக்குப் போதாது. என் வாதம் எளியது: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குவதற்கோ வகுப்பதற்கோ முன்னால், அந்த வோல்ட் எந்தத் துண்டின் இரு முனைகளுக்கு இடையே உள்ளது, அந்த ஆம்பியர் அதே துண்டின் வழியாகத்தான் ஓடியதா, இரண்டும் ஒரே கணத்துக்கு உரியவையா என்று கேட்டாக வேண்டும். இதைக் கேட்டுவிட்டால் மூன்று சூத்திரங்களும் சண்டையிடுவதில்லை. கேட்காமல் போட்ட கணக்கு, பெருக்கல் எவ்வளவு சரியாக இருந்தாலும், இல்லாத ஒன்றைப் பற்றிய கணக்கு.

குளியலறைக் கீசரிலிருந்து தொடங்கலாம். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் அது 8.7 ஆம்பியர் இழுக்கிறது என்றால், பெருக்கினால் ஏறத்தாழ 2,000 வாட், வகுத்தால் 26.45 ஓம். அயர்ன் பாக்ஸ் 4.35 ஆம்பியர் இழுத்தால் அதன் திறன் 1,000 வாட், மின்தடை 52.9 ஓம். மின்தடை பாதியாக உள்ள கருவி இருமடங்கு சூட்டைத் தருகிறது. பெருக்கல் ஏன் திறனைத் தர வேண்டும் என்பதற்குக் காரணம் அந்த அலகுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வோல்ட் என்பது ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் அந்தத் துண்டைக் கடக்கும்போது விட்டுச்செல்லும் ஒரு ஜூல் ஆற்றல். ஓர் ஆம்பியர் என்பது நொடிக்கு ஒரு கூலும். ஒரு கூலும் எவ்வளவு விட்டுச்செல்கிறது, நொடிக்கு எத்தனை கூலும் போகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை ஜூல் என்று வந்துவிடுகிறது, அதுதான் வாட். இந்தப் பெருக்கலுக்கு ஓமின் விதி தேவையில்லை. துண்டு உலோகமாக இருந்தாலும், உப்புக் கரைசலாக இருந்தாலும், சுழலும் மோட்டாராக இருந்தாலும் அது செல்லும். மற்ற இரண்டு சூத்திரங்கள் அப்படியல்ல. மின்தடை என்ற விகிதத்தைப் புகுத்தி முதல் சூத்திரத்திலிருந்து பெறப்பட்டவை அவை. எனவே அந்த விகிதம் எங்கே எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அவற்றின் உண்மை நிற்கும்.

இந்த எச்சரிக்கையின் அருமையை ஓமின் சொந்த ஆய்வே காட்டுகிறது. ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, கம்பியின் நீளம் கூடக்கூட மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று அளக்கத் தொடங்கினார். 1825இல் வெளியான அவருடைய முதல் கட்டுரையில் இருந்த சூத்திரம் இன்று நாம் படிக்கும் விதி அல்ல. அது மடக்கையில் அமைந்த வேறொரு உறவு. அவர் பயன்படுத்திய மின்கலம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அக்காலத்து வோல்ட்டா மின்கலங்கள் சுற்றை மூடிய உடனேயே தளரத் தொடங்கும். ஒரு கம்பியை அளந்துவிட்டு அடுத்த கம்பியைப் பொருத்துவதற்குள், உந்தும் விசையே மாறிப்போயிருக்கும். முதல் அளவையும் இரண்டாம் அளவையும் ஒப்பிடும்போது அவர் கம்பிகளை மட்டும் ஒப்பிடவில்லை, இரு வேறு நிலைகளில் இருந்த மின்கலத்தையும் சேர்த்தே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியரான போகன்டார்ஃப், சீபெக் 1821இல் கண்டறிந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பார்க்கும்படி யோசனை சொன்னார். பிஸ்மத்தும் செம்பும் இணைந்த அந்த அமைப்பின் ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மறு சந்திப்பைப் பனிக்கட்டியிலும் வைத்துவிட்டால், நீர் கொதிக்கும் வரையிலும் பனிக்கட்டி உருகி முடியாத வரையிலும் உந்துவிசை அசையாது. மின்னழுத்தம் மிகச் சிறியதுதான், ஆனால் நிலையானது. 1826இல் விதி தெளிந்து வந்தது.

அந்த ஆண்டு அவர் எழுதிய சமன்பாட்டின் வடிவம் கவனிக்க வேண்டியது. காந்த ஊசியைத் திருப்பும் விசை, அதாவது மின்னோட்டம், ஒரு மாறிலியை இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் என்றார். ஓர் உறுப்பு சோதனைக் கம்பியின் நீளம். மற்றது சுற்றின் எஞ்சிய பகுதிக்கு உரியது: வெப்ப இரட்டை, இணைப்புகள், பாதரசக் கிண்ணங்கள் எல்லாம் சேர்ந்த தடை. நம் பாடநூல் அந்த இரண்டாவது உறுப்பை முதல் பாடத்திலேயே உதிர்த்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் சூத்திரம் அழகாக இருக்கிறது, ஆனால் மின்மூலத்தின் முழு மின்னழுத்தமும் நாம் கணக்கிடும் துண்டின் மீதே விழுகிறது என்ற தவறான எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. ஓம் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. 1827இல் பெர்லினில் வந்த அவருடைய நூலுக்குச் சொந்த நாட்டில் நல்ல வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது 1841இல்தான். ஏறத்தாழ அதே நேரத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி வெப்பமானியால் அளந்து, வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் தடையையும் பொறுத்தது என்று காட்டினார். ஒரே மின்னோட்டம் வழியாக ஓடும் இரண்டு கம்பிகளில் தடை மிகுந்தது அதிகம் சூடாகும். இது ஜூலின் கூற்று. ஒரே மின்னழுத்தம் குறுக்கே விழும் இரண்டு கருவிகளில் தடை குறைந்தது அதிகம் சூடாகும். இது கீசரின் கதை. இரண்டு கூற்றிலும் "ஒரே" என்ற சொல் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தால் முரண்பாடு இருந்த இடமே தெரியாது.

இரண்டும் ஒரே சுற்றில், ஒரே நேரத்தில் நடப்பதைக் காண வேண்டுமானால் தளர்ந்துபோன பிளக் பாயிண்டைப் பார்க்க வேண்டும். வீடுகளில் கருகிப்போகும் சாக்கெட்டுகள் பலவற்றின் பின்னணி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். அதே 2,000 வாட் கீசர். சாக்கெட்டின் பித்தளை இதழ்கள் தளர்ந்தோ, களிம்பேறியோ, பிளக்கின் முள்ளோடு சரியாகப் பொருந்தாமல் போய் அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். மொத்தத் தடை இப்போது 26.95 ஓம், மின்னோட்டம் 8.53 ஆம்பியர். அந்தத் தொடுமுனையின் குறுக்கே விழும் மின்னழுத்தம் 4.27 வோல்ட் மட்டுமே. பெருக்கினால் ஏறத்தாழ 36 வாட். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் மின்னணுக் கடைகளில் விற்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஈயத்தை உருக்க அது போதும். அதைவிட அதிகமான வெப்பம், கடுகளவு தொடுபரப்பில், பிளாஸ்டிக்கால் சூழப்பட்ட இடத்தில், கீசர் ஓடும் நேரமெல்லாம் இறங்கிக்கொண்டிருக்கிறது. சூட்டில் பித்தளை இதழ்களின் இறுக்கம் இன்னும் தளரும், களிம்பு இன்னும் தடிக்கும், தடை இன்னும் ஏறும். இந்தச் சிறு தடைக்கு மின்னோட்டம் ஏறத்தாழ மாறாத ஒன்று, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது கீசரின் 26.45 ஓம். ஆகவே இங்கே தடை கூடக்கூட வெப்பமும் கூடுகிறது.

சுற்றின் மறுமுனையில் கீசருக்குக் கிடைப்பது 1,926 வாட். நூற்றுக்கு நான்குகூடக் குறையவில்லை. தண்ணீர் சூடாக ஓரிரு நிமிடம் அதிகமாகலாம், யாருக்கும் தெரியாது. எம்.சி.பி.க்கும் தெரியாது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால் துண்டிப்பது அதன் வேலை. இங்கே மின்னோட்டம் 8.70இலிருந்து 8.53க்குக் குறைந்திருக்கிறது. கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவிக்கும் வேலை இல்லை, ஏனெனில் கசிவே இல்லை. போகிற மின்னோட்டம் முழுதும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் சரியாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே சாக்கெட் கருகுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மின்னழுத்தத்தை இடம் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிரிக்காமல், 230இன் வர்க்கத்தை அரை ஓமால் வகுத்தவருக்கு 1,05,800 வாட் என்று விடை வரும். அத்தனை திறன் அந்தச் சாக்கெட்டில் இறங்கினால் வீடே மிஞ்சாது. எண் தவறு என்பது உடனே தெரிகிறது. ஏன் தவறு என்பதுதான் பாடம்: 230 வோல்ட் முழுச் சுற்றுக்கு உரியது, அரை ஓம் அதன் ஒரு துண்டுக்கு உரியது. தொடுமுனையின் தடை ஏறிக்கொண்டே போய்க் கீசரின் தடைக்குச் சமமாகிவிட்டதாகக் கற்பனை செய்தால், இரண்டும் ஆளுக்கு 115 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றிலும் 500 வாட். அதுவே தொடுமுனை எட்டக்கூடிய உச்சம். அதற்கு மேலும் தடை கூடினால் அதில் இறங்கும் வெப்பம் குறையத் தொடங்கும். கீசரின் தடையைப் போல் பத்து மடங்கானால் 165 வாட்டுக்கு வந்துவிடும். தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு ஒரே தொடுமுனை இரண்டு பதிலையும் வைத்திருக்கிறது.

மின்கடத்து பாதைகளைப் பற்றி எழும் கேள்வியும் இதே குடும்பம். மின்னழுத்தத்தை உயர்த்தினால் இழப்பு குறையும் என்கிறார்கள். ஆனால் வர்க்கத்தைத் தடையால் வகுக்கும் சூத்திரப்படி இழப்பு எகிற வேண்டுமே என்பார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் நேர்மின்னோட்டப் பாதை, நிலத்தோடு ஒப்பிட்டால் கூட்டல் 800, கழித்தல் 800 கிலோவோல்ட்டில் இயங்கி 6,000 மெகாவாட் வரை கடத்தக்கூடியது. இரண்டு கம்பிகளுக்கு இடையே 1,600 கிலோவோல்ட். முழுத் திறனில் மின்னோட்டம் 3,750 ஆம்பியர். போகவும் வரவும் சேர்த்துக் கம்பிகளின் தடை பேச்சுக்கு 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், வழியில் விழும் மின்னழுத்தம் 37.5 கிலோவோல்ட், இழப்பு ஏறத்தாழ 140 மெகாவாட். வகுத்தலில் போட வேண்டிய மின்னழுத்தம் இந்த 37.5தான். 1,600ஐப் போட்டால் 2,56,000 மெகாவாட் இழப்பு என்று வரும். 2024 மே மாதத்தில் இந்தியா முழுவதும் தொட்ட உச்ச மின்தேவையே ஏறத்தாழ 2,50,000 மெகாவாட்தான்.

இதுவரை இடத்தைப் பற்றிப் பேசினோம். கணம் அதைவிட எளிதாக ஏமாற்றக்கூடியது. பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் எரியும்போது 0.26 ஆம்பியர் இழுக்கிறது. தடை 882 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 60 ஓமை ஒட்டித்தான் காட்டும். மீட்டர் பழுது இல்லை, பல்பும் பழுது இல்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, அந்தச் சூட்டில் அதன் தடை அறை வெப்பநிலையில் உள்ளதைப் போல் பதினான்கு மடங்கு. குளிர்ந்த பல்பின் தடையையும் எரியும் பல்பின் மின்னழுத்தத்தையும் கலந்து கணக்கிட்டால் 850 வாட்டுக்கு மேல் வரும். இந்த எண் முழுப் பொய்யும் அல்ல. சுவிட்சைப் போட்ட கணத்தில், இழை இன்னும் சூடாகாத அந்த ஒரு நொடிப் பின்னத்தில், பல்பு உண்மையிலேயே அப்படித்தான் இழுக்கிறது. குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போதைவிடப் போட்டவுடன் உயிரை விடுவது அதிகம் என்பதற்கு இந்தத் திடீர்ப் பாய்ச்சலும் ஒரு காரணம். இழையில் மெலிந்துபோன இடம், மற்ற இடங்களுக்கு முன்னால் சூடேறி உருகிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். எல்லாப் பொருளும் டங்ஸ்டனைப் போல் மாறுவதில்லையே. அயர்ன் பாக்ஸை மீட்டரில் வைத்தால் கிட்டத்தட்டச் சரியான எண் வருகிறதே என்பார்கள். வருகிறது, ஏனென்றால் அதிலுள்ள நிக்ரோம் கம்பி குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் இடையே தன் தடையைச் சில விழுக்காடு மட்டுமே மாற்றிக்கொள்கிறது. அந்தக் கலவையை வெப்பமூட்டிக்குத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நிலைத்தன்மையும் ஒரு காரணம். ஆகவே மறுப்பு என் வாதத்தை அசைக்கவில்லை. கணத்தைக் கவனிக்காமல் இருக்க எந்தப் பொருள் நம்மை அனுமதிக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த அனுமதியைப் பொதுவிதியாக நினைத்துக்கொள்வதுதான் பிழை.

இதையொட்டி இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவதுதான் மின்தடை என்று வரையறுத்துவிட்டால், ஓமின் விதி ஒருபோதும் பொய்க்காதே, வரையறையை எப்படிப் பொய்யாக்க முடியும் என்பது அது. வகுத்தல் எப்போதும் முடியும் என்பது உண்மை. ஓம் சொன்னது வகுத்தலைப் பற்றி அல்ல. மின்னழுத்தத்தை மாற்றினாலும், வெப்பநிலை முதலியன மாறாதவரை அந்த விகிதம் அப்படியே நிற்கும் என்றார். அதுதான் விதி; அது பொய்க்கவும் கூடும். வெள்ளொளி தரும் சிறு எல்.இ.டி. 3 வோல்ட்டில் 20 மில்லியாம்பியர் இழுத்தால் விகிதம் 150 ஓம், திறன் 60 மில்லிவாட். மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கோடு நிற்காமல் பல மடங்கு சரிந்துவிடும், விகிதம் முற்றிலும் வேறு எண்ணாகிவிடும். 60 மில்லிவாட் என்ற விடை அந்தக் கணத்துக்கு உண்மை. 150 ஓம் என்ற விடையும் அந்தக் கணத்துக்கு உண்மைதான், ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த கணத்துக்குப் போக முடியாது. வாட்டுக்கும் ஓமுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் போதுமான அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் குறை.

மோட்டார் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் காயிலை மீட்டரில் அளந்தால் 3 ஓம் காட்டுகிறது என்று கொள்வோம். 230ஐ 3ஆல் வகுத்தால் 77 ஆம்பியர் வர வேண்டும். ஓடும்போது இழுப்பதோ, பேச்சுக்கு, 6 ஆம்பியர். சுழற்சி காரணமாகக் காயிலுக்குள்ளேயே எழும் எதிர் மின்னழுத்தம் வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தோடு மோதிக்கொண்டிருப்பதால் மின்னோட்டம் அடங்கியிருக்கிறது. 6இன் வர்க்கத்தை 3ஆல் பெருக்கினால் கிடைக்கும் 108 வாட், காயில் சூடாவதற்கு மட்டும் உரிய கணக்கு. தண்ணீரை மேலே தள்ளும் வேலை அதில் சேராது. கிராமங்களில் லோ வோல்ட்டேஜில் பம்புசெட் காயில் எரிவதை ஓமின் விதியை மேலோட்டமாகப் படித்தவரால் விளக்க முடியாது. 180 வோல்ட்டுக்கு இறங்கினால் கீசர் 6.8 ஆம்பியருக்கு இறங்கி 1,225 வாட்டோடு சாதுவாகிவிடும். மோட்டாரோ அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ள வேண்டியிருப்பதால் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் கால் பங்கு கூடினால் காயிலின் வெப்பம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். மின்னழுத்தம் குறைந்து மின்னோட்டம் கூடுகிறது என்றால் விதி தலைகீழாகிவிட்டதா? இல்லை. காயிலின் 3 ஓம் அப்படியே இருக்கிறது. அந்த 3 ஓமுக்கு உரிய மின்னழுத்தம் மட்டும் ஒருபோதும் 230 ஆகவோ 180 ஆகவோ இருந்ததில்லை.

மாறுமின்னோட்டத்தில் கணம் என்ற நிபந்தனை வெளிப்படையாகவே வந்து நிற்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மின்னழுத்தம் 325 வோல்ட் உச்சத்துக்கும் அதன் எதிர்த்திசை உச்சத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. 230 என்பது வெப்ப விளைவில் அதற்கு இணையான நிலையான மின்னழுத்தம். அயர்ன் பாக்ஸில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் 230ஐயும் 4.35ஐயும் பெருக்கினால் சரியான வாட் வருகிறது. மோட்டாரில் மின்னோட்டம் பிந்தி வருகிறது. மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மின்னோட்டம் உச்சத்தில் இல்லை. அதனால் 230ஐ 6ஆல் பெருக்கி வரும் 1,380, வாட் ஆகாது; பெருக்கி வந்ததில் உண்மைத் திறனாகும் பங்கு, அதாவது பவர் ஃபேக்டர், 0.75 என்றால் உண்மைத் திறன் 1,035 வாட். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றின் பவர் ஃபேக்டர் 0.5 என்றால் அது இழுக்கும் மின்னோட்டம் 0.078 ஆம்பியர், கிளாம்ப் மீட்டரால் அளந்து பெருக்கிப் பார்ப்பவர், 18 வாட் இழுக்கும் பல்பில் 9 என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்று கோபப்படக்கூடும். அட்டையில் உள்ளது பொய் இல்லை. உச்ச அளவுகளையோ சராசரிகளையோ தனித்தனியாக எடுத்துப் பெருக்கியதுதான் பிசகு. வீட்டு மின்னணு மீட்டர் அப்படிச் செய்வதில்லை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை ஒரே கணத்தில் மாதிரியெடுத்து, ஒவ்வொரு இணையையும் அப்போதே பெருக்கி, பெருக்குத்தொகைகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. யூனிட் அப்படித்தான் பிறக்கிறது. பெருக்கிய பின் கூட்டுவதும், கூட்டிய பின் பெருக்குவதும் ஒன்றல்ல. ஆனாலும் வாட் கணக்கில் சேராத அந்த உபரி மின்னோட்டம் கம்பிகளில் உண்மையாகவே ஓடுகிறது, கம்பிகளின் தடையில் வர்க்கக் கணக்கில் வெப்பமாகிறது. தொழிற்சாலைகளைக் கெப்பாசிட்டர் வைத்து பவர் ஃபேக்டரைச் சரிசெய்யச் சொல்வது இதனால்தான்.

இத்தனையும் நடைமுறைக்கு எதற்கு, மீட்டரை வைத்தால் ஓம் தெரிந்துவிடுமே என்று பணிமனையிலிருந்து ஒரு குரல் எழலாம். மீட்டரை வைப்பதிலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதுதான் பதில். மல்டிமீட்டரின் ஓம் அளவீடு, மின்சாரம் நிறுத்தப்பட்ட துண்டின் வழியாகத் தானே ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கிறது. காரின் ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளில் பழுது இருந்து, வண்டியைக் கிளப்பும்போது 150 ஆம்பியர் ஓடுகையில் அதில் அரை வோல்ட் விழுகிறது என்று கொள்வோம். வகுத்தால் 3.3 மில்லியோம், பெருக்கினால் 75 வாட். மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைப் போல் பல பத்து மடங்கு தடை உண்டு, அதனால் ஓம் அளவீட்டில் அந்தப் பழுது தென்படவே தென்படாது. தேர்ந்த மெக்கானிக் மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பி, கேபிளின் இரு முனைகளிலும் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பச் சொல்கிறார். மின்னோட்டம் ஒரு வழியாகவும், மின்னழுத்தத்தைப் பார்க்கும் வயர் வேறு வழியாகவும் போவதால் மீட்டர் வயரின் தடை கணக்கில் நுழைவதில்லை. 12 வோல்ட் வண்டியில் செய்யக்கூடிய இதை 230 வோல்ட் சாக்கெட்டில் பயிற்சி இல்லாதவர் முயலக் கூடாது.

நான்கு முனைகளால் அளக்கும் இதே முறையை, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1860களில் தன் மின்பாலத்தில் கையாண்டார். துணைமின் நிலையங்களில் பெரிய சர்க்யூட் பிரேக்கர்களின் தொடுமுனைகளை இன்றும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்: 100 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, தொடுமுனையை ஒட்டி வைத்த தனி முனைகளில் எத்தனை மில்லிவோல்ட் என்று பார்க்கிறார்கள். 5 மில்லிவோல்ட் என்றால் 50 மைக்ரோ ஓம், அந்தச் சோதனையின்போது அங்கே இறங்கும் வெப்பம் அரை வாட். பணியில் 2,000 ஆம்பியர் ஓடும்போது அதே 50 மைக்ரோ ஓமில் 200 வாட் இறங்கும், தொடுமுனை சூடாகும், அந்தச் சூட்டில் 50 என்ற எண்ணும் 50 ஆக நிற்காது. அதனால்தான் சோதனைச் சான்று கையில் இருந்தாலும், முழுச் சுமை ஓடும் நேரத்தில் அகச்சிவப்புக் கேமராவோடு ஒருவர் முற்றத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு இணைப்பின் வெப்பநிலையையும் தனியே குறித்துக்கொள்கிறார்.